நாலு அங்குல நிலைப்படி

எங்கள் வீட்டு நிலைப்படி நாலு அங்குல உயரம். டேப் வைத்து அளந்தது. அளப்பதுதான் என் தொழில். சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு, அரசாங்க வேலைகளை எடுத்துச் செய்யும் ஒரு காண்டிராக்டரிடம் சைட் இன்ஜினியராக இருந்தேன். வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். சைட்டுகள் பெரும்பாலும் சிதம்பரம் பக்கம். அந்த நாலு அங்குல மரத்தைப் பற்றி இத்தனை வருடம் நான் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் என் அக்கா. அவள் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. அவள் இருந்தவரை இதை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது மட்டும் என்ன பெரிய தைரியம், படிக்க அவள் இல்லை என்கிற தைரியம்தான்.

அக்காவைச் சிதம்பரத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். 2004இல், கல்யாணமாகி நாலாம் வருடம், மாமியார் வீட்டு மொட்டை மாடியில் மிளகாய் காயவைத்திருந்தாள். திடீரென்று தூறல் போட, அதை அவசரமாக அள்ளிக்கொண்டே பின்பக்கமாக நகர்ந்தவள் கீழே விழுந்துவிட்டாள். அந்த மாடிக்குக் கைப்பிடிச் சுவர் இல்லை. கையில் காசு வரும்போது கட்டிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். முதுகெலும்பில் அடி. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தாள். இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி திரும்பாது என்பதை டாக்டர் என்னிடம்தான் சொன்னார். அதை அக்காவிடம் சொல்லும் வேலையை நான் ஒரு நர்ஸம்மாவிடம் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். என் லட்சணம் அன்றைக்கே தெரிந்துவிட்டது.

உடம்பு தேறும்வரை அம்மா வீட்டில் இருக்கட்டும் என்று அக்காவின் கணவர் வேன் வைத்துக் கொண்டுவந்து விட்டுப் போனார். நான் மாமா என்று வாய் நிறையக் கூப்பிட்ட மனிதர். கொஞ்ச நாள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். பிறகு எப்போதாவது ஒரு போன். பிறகு அவருக்குப் பதிலாக வக்கீல் ஒருவர் காகிதங்களோடு வந்தார். அக்கா எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டு, "பேனா நல்லா எழுதுது சார், நானே வச்சிக்கவா?" என்று கேட்டாள். வக்கீல் சங்கடத்தோடு கொடுத்துவிட்டுப் போனார்.

அப்படிப்பட்ட வாய் அவளுக்கு. பி.காம். படித்தவள். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். உட்கார்ந்த இடத்திலிருந்தே வீட்டை ஆட்டி வைப்பாள். ஆனால் வீட்டுக்குள்ளே மட்டும். முன்னறையிலிருந்து சமையலறை வரை நாற்காலியை உருட்டிக்கொண்டு போவாள், வருவாள். தெருவைப் பார்க்க வேண்டுமென்றால் ஜன்னல். இரண்டு வருடம் அவள் தெருவில் இறங்கியது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான். அதுவும் நானும் பக்கத்து வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி இறக்கினால் உண்டு. தூக்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள். பயமா என்று ஒருநாள் கேட்டேன். "பயம் இல்லடா. எதிர்வீட்டுக்காரங்க பாக்கறத நான் பாக்க வேணாம்னுதான்" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் சாய்தளம் கட்டும் வேலைகள் எங்கள் காண்டிராக்டருக்கு வரத் தொடங்கின. சக்கர நாற்காலி ஏறிப்போக, படிக்குப் பக்கத்தில் சரிவாகப் போடும் தளம். மேஸ்திரிகளுக்குத் தெரிந்த சரிவு எல்லாம் வீட்டு வாசலில் பைக் ஏற்றப் போடுகிற சரிவுதான். செங்குத்தாகப் போட்டு, டயர் வழுக்காமல் கோடு கிழித்துவிட்டு, முடிந்தது சார் என்பார்கள். நான் விடமாட்டேன். ஓரடி ஏற வேண்டுமென்றால் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்று சத்தம் போட்டு, இடிக்க வைத்து, மறுபடி கட்ட வைப்பேன். சிதம்பரம் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தில், "இங்க அந்த மாதிரி பசங்க யாருமே இல்லையே சார், எதுக்கு இடத்த அடைக்கிறீங்க?" என்று தலைமை ஆசிரியர் கேட்டார். "படி இருக்குறதாலதான் சார் அவுங்க வரல" என்றேன். அவர் மணியடிக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்கு பஸ்ஸில் கடலூர் திரும்பும்வரை என்னை நினைத்து எனக்கே பெருமை தாங்கவில்லை.

அதே சூட்டில் வீட்டிலும் ஒன்று கட்டினேன். தெருவிலிருந்து எங்கள் வீடு ஒன்றரை அடி உயரம். பதினெட்டடி வேண்டும். வாசலில் இருந்தது பதினோரு அடி. மதிலை ஒட்டிக் கொண்டுபோய், மூலையில் நாற்காலி திரும்ப ஒரு சதுர மேடை விட்டு, அங்கிருந்து கதவு வரைக்கும் இழுத்தேன். இரண்டு பக்கமும் பைப் கைப்பிடி. அம்மா அதற்கெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. மேஸ்திரிக்கு டீ போட்டுக் கொடுத்தாள். எல்லாம் முடிந்து, சரிவு கதவில் போய் முட்டிய இடத்தில் அந்த நிலைப்படி நின்றது.

அப்பா உயிரோடு இருந்தபோது வைத்த தேக்கு நிலை அது. அடியில் நவதானியமும் செப்புக்காசும் போட்டு, பூஜை செய்து நிறுத்தியது. வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா அந்தப் படியைக் கழுவி மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பாள். அதை மிதிக்கக்கூடாது, அதன்மேல் உட்காரக்கூடாது, அதில் நின்றுகொண்டு எதையும் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. கொல்லைப்புறக் கதவு வழியாகப் போகலாமென்றால் கிணற்றடிச் சந்தில் நாற்காலி நுழையாது. முன்கதவு ஒன்றுதான் வழி. குறுக்கே நாலு அங்குலம். எனக்கு அது காலைத் தூக்கி வைத்தால் தீர்ந்துபோகிற விஷயம்; அக்காவுக்கு அது சுவர்.

"அறுத்துடலாம்மா. பத்து நிமிஷ வேல" என்றேன்.

"உனுக்குக் கல்யாணம் ஆவட்டும். வர்ற மருமவ வலது கால எடுத்து வைக்கப் படி வேணாமா?" என்றாள் அம்மா.

நியாயமாகத்தான் பட்டது. கொஞ்ச மாதத்தில் எனக்குக் கல்யாணமும் ஆயிற்று. என் மனைவி வலது காலை எடுத்துவைத்து உள்ளே வந்தாள். அடுத்த வாரம் அறுக்கலாம், அடுத்த மாதம் அறுக்கலாம் என்று நாள் ஓடியதில் அவள் உண்டாகிவிட்டாள். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் இடிப்பது, வெட்டுவது, ஆணி அடிப்பதுகூட ஆகாது. அது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். என் காண்டிராக்டரே அவர் மகள் பிரசவத்துக்கு வந்திருந்த மாதங்களில் சொந்த வீட்டு மாடி வேலையை நிறுத்தி வைத்திருந்தார்.

சரியாக அப்போதுதான் அக்காவுக்கு வேலை வந்தது. மஞ்சக்குப்பத்தில் ஒரு அச்சகம். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், கேள்வித்தாள் எல்லாம் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்க வேண்டும். டைப்ரைட்டிங் வாத்தியார் சொல்லி, அச்சக முதலாளி வீட்டுக்கே வந்து அவள் வேகத்தைப் பார்த்துவிட்டுப் போனார். அந்த அச்சகத்துக்கு வாசல்படி கிடையாது. காகிதக் கட்டுகள் ஏற்றிய தள்ளுவண்டி தெருவிலிருந்து நேராக உருண்டு உள்ளே போக வேண்டும் என்பதற்காகத் தரையைத் தெருவோடு மட்டமாக வைத்திருந்தார்கள். அதைக் கேட்டு அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "பேப்பர் கட்டா பொறந்திருந்தா ஊரெல்லாம் சுத்தியிருப்பேன்டா" என்றாள்.

நெல்லிக்குப்பம் ரோட்டில் ஒரு பட்டறையில் பழைய ஸ்கூட்டருக்குப் பக்கச் சக்கரங்கள் வைத்து, பிரேக்கைக் கைக்கு மாற்றி வாங்கினோம். ஓட்டப் பழக அவளுக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. நாற்காலியிலிருந்து ஸ்கூட்டருக்குக் கையாலேயே உந்தி மாறவும், நாற்காலியை மடித்துப் பின்னால் மாட்டிக்கொள்ளவும் பழகிவிட்டாள். முதலாளி கேட்டது ஒன்றே ஒன்று: காலையில் நேரத்துக்கு வர வேண்டும். அக்கா என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள். "நானா வெளிய போவணும். நானா திரும்பி வரணும். என்னை யாரும் தூக்கக் கூடாது. வேற எதுவும் நான் கேக்கலடா."

அம்மாவிடம் கேட்டபோது நடுவீட்டில் பெரிய சண்டையாகிவிட்டது. "மாசமா இருக்கற பொண்ண வீட்ல வச்சிகினு நெலைய அறுக்கச் சொல்றியே, உனுக்கு மனசாட்சி இருக்குதா?" என்று அம்மா கத்தினாள். "நான் செத்தப்பறம் அறுத்துக்குங்க." அக்காவும் சளைக்காமல் பேசினாள். இரண்டு பேரும் அழுதார்கள். நான் நடுநிலையாக இருப்பதாக நினைத்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

குழந்தை பிறக்கும்வரை சமாளிக்கலாம் என்று நான் ஒரு வழி செய்தேன். வெளிப்பக்கம் படிக்கு அணைத்துக் கொஞ்சம் சிமெண்ட் சரிவு போட்டேன். உள்பக்கம் அப்படிப் போட முடியாது. இரட்டைக் கதவு உள்ளே திறக்கும், சிமெண்ட் இருந்தால் கதவு தட்டும். அதனால் உள்ளே மட்டும் ஒரு பலகை. தேவைப்படும்போது சாய்த்துப் போட்டு, பிறகு எடுத்துவிட வேண்டும். சைட்டிலிருந்து ஒரு சென்ட்ரிங் பலகையை அறுத்துக் கொண்டுவந்தேன். கான்கிரீட் ஊற்றும்போது அடியில் கொடுக்கிற பலகை. நல்ல கனம், நல்ல உறுதி. சிமெண்ட் ஒட்டாமலிருக்க அதில் எண்ணெய் பூசுவோம். நான் துணியால் அழுந்தத் துடைத்துவிட்டுத்தான் போட்டேன்.

நான் காலை ஆறரைக்கே சிதம்பரம் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். அகல ரயில்பாதை வேலைக்காக லைனை மூடியிருந்த வருடங்கள் அவை. பஸ்ஸை விட்டால் கதியில்லை. அதனால் பலகை போடுவது அம்மாவின் வேலையாயிற்று. அம்மாவுக்கு மூட்டுவலி. குனிந்து, நகர்த்தி, போட்டு, எடுத்து, மாலையில் மறுபடி போட்டு எடுத்து. அக்கா திரும்பி வந்து ஹாரன் அடித்தால் அம்மா வந்து கதவைத் திறக்க வேண்டும், பலகை போட வேண்டும். ஒருநாள் அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். என் மனைவி டாக்டரிடம். அக்கா ஸ்கூட்டரிலேயே ஒரு மணிநேரம் மழையில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டுக் கதவுக்கு முன்னால், நான் சட்டப்படி கட்டிய சரிவுக்குப் பக்கத்தில்.

இருந்தாலும் அவள் போனாள். ஒரு நாள்கூட நேரம் தவறவில்லை. அச்சகத்தில் எல்லோரையும் அதட்ட ஆரம்பித்துவிட்டாள் என்று முதலாளியே சிரித்துக்கொண்டு சொன்னார். முகத்தில் ஒரு தெளிச்சி வந்திருந்தது. மாலையில் வந்ததும் அன்றைக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகளில் இருந்த கூத்தையெல்லாம் என் மனைவியிடம் சொல்லிச் சிரிப்பாள்.

ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்துவிட்டது. என் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள் பல நாள் எழுந்திருக்கவில்லை.

அதற்குச் சில வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிணற்றடியில் அம்மா என்னைக் கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"அறுக்காமதானடா இருந்தோம். அப்பவும் தங்கல. அப்பறம் அந்த மரத்த வச்சிகினு இன்னா பண்ணப் போறோம். ஆசாரியக் கூப்ட்டு அறுத்துடு. அவ போயி வரட்டும்."

"சரிம்மா" என்றேன்.

"நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லாத. அவ்ளோ பேசிட்டு இப்ப எந்த மூஞ்ச வச்சிகினு சொல்றது. ஒரு நாளு வேலைக்குப் போயிட்டு வரும்போது படி இல்லாம இருக்கட்டும். அவளே பாத்துக்கட்டும்."

இதுதான் நான் இத்தனை நாள் யாரிடமும் சொல்லாதது. அம்மா ஒத்துக்கொண்டாள். அவளாகவே ஒத்துக்கொண்டாள்.

நான் ஆசாரியைக் கூப்பிடவில்லை. மனைவி படுத்திருக்கிறாள், இப்போது டங் டங்கென்று சத்தம் வேண்டாம் என்று ஒரு வாரம் தள்ளினேன். சைட்டில் தளம் போடுகிறோம் என்று இன்னொரு வாரம். அதற்குள் ஒரு மாதம், இரண்டு மாதம். பிறகு மனைவி மறுபடி உண்டானாள். அன்றிலிருந்து எனக்குள்ளே ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் கோயிலுக்குப் போகாதவன். ராகுகாலம் பார்ப்பவர்களைக் கிண்டல் செய்தவன். ஆனால் அறுக்காமல் இருந்தபோதே போய்விட்டது, அறுத்தால் என்ன ஆகுமோ என்று என் புத்தி கணக்குப் போட்டது. அம்மாவின் நம்பிக்கையாவது அனுபவப்பட்டதும் இளகியது. என்னுடையது இறுகிப்போயிற்று. அதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. ஊர் ஊராகப் போய்ப் படியை இடித்தவன், பள்ளிக்கூட வாத்தியாருக்குப் பாடம் எடுத்தவன், சொந்த வீட்டு மரத்துக்குப் பயப்படுகிறேன் என்று எப்படிச் சொல்வது?

அக்கா ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அம்மாவ நீ ஒருவாட்டி கேட்டுப் பாரேன்டா. நான் கேட்டா சண்டையில போயி முடியுது. அதுக்கு முட்டி வேற வலிக்குது, தெனம் பலக போட முடியல. அதுக்காகவும்தான் சொல்றேன்."

கேட்கிறேன் என்றேன். மறுநாள் மாலை அவள் வந்ததும் சொன்னேன். "கேட்டேன்க்கா. முடியாதுன்னுடுச்சு."

"இன்னா சொல்லுச்சு? அது சொன்னத அப்படியே சொல்லு."

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். மென்று விழுங்கியிருக்கலாம். என் வாயில் அது தயாராக இருந்தது. "'எம் பேரப்புள்ளயவிட அவளுக்கு வேலதான் பெருசா'ன்னு கேட்டுச்சு."

அக்கா கைப்பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்துக் கழுவப் போட்டுவிட்டு, நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அவள் அறைக்குப் போய்விட்டாள். அந்த வார்த்தை அம்மாவுடையது அல்ல. அது என் வயிற்றுக்குள் இருந்த என்னுடைய கேள்வி. அம்மாவின் வாயில் வைத்துச் சொல்ல வசதியாக இருந்தது, சொன்னேன்.

அன்றிலிருந்து அக்கா அம்மாவிடம் பேசவில்லை. அவளைப் புரட்டிப் போட்டு முதுகு துடைப்பது, துணி மாற்றுவது, புண் வந்திருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் அம்மாதான். அம்மாவின் கை மேலே பட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அம்மா அவளாக ஏதேதோ பேசிப் பார்ப்பாள், பதில் வராது. அன்றைக்குப் போட்ட சண்டையை மகள் மனதிலேயே வைத்திருக்கிறாள் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். என்னிடம் வந்து கேட்பாள்.

"ஏன்டா இன்னும் ஆசாரி வரல?"

"வேல ஜாஸ்தியாம்மா. ஆடி முடிஞ்சி வரேன்னுட்டாரு."

ஆடி முடிந்தது. ஆவணி முடிந்தது. அம்மா கேட்பதைக் குறைத்துக்கொண்டாள். அவளுக்கு என் பயம் புரிந்திருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது. புரிந்திருந்தால் அதையும் அவள் என்னிடம் கேட்கவில்லை.

அந்த நாட்களில் சிதம்பரத்தில் சைட்டுக்கு நடந்து போகும்போது ஒருமுறை அக்காவின் பழைய மாமியார் வீட்டுத் தெருவில் நுழைந்துவிட்டேன். மாடியில் கைப்பிடிச் சுவர் எழுப்பியிருந்தார்கள். இடுப்பளவு உயரத்துக்கு, பூவேலை போட்ட சிமெண்ட் ஜாலி வைத்து, நன்றாகவே கட்டியிருந்தார்கள். துணி காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு கல்லை எடுத்து எறிந்தாலென்ன என்றிருந்தது. எறிய எனக்கு என்ன யோக்கியதை என்றும் அப்போதே தோன்றியது. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டேன்.

ஐப்பசி மழையில் ஒரு காலை. நான் சைட்டில் இருந்தேன். நடந்ததை எல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். மனைவிக்கு ஏழாம் மாதம். அம்மா பலகை போட்டிருக்கிறாள். எங்கள் வீட்டுத் தரை வழவழவென்ற ரெட் ஆக்சைடு தரை, மழைக்காற்றில் ஈரம் பூத்திருந்தது. பலகையில் ஊறிக் கிடந்த எண்ணெய் எத்தனை துடைத்தாலும் போகாது என்பது தொழிலில் இருக்கிற எந்தச் சித்தாளுக்கும் தெரியும். நாற்காலி பாதி ஏறும்போது பலகை பின்னால் சறுக்கியது. அக்கா நாற்காலியோடு பக்கவாட்டில் விழுந்தாள். வலது கால் அடியில் மாட்டிக்கொண்டது.

பால்காரரும் அம்மாவும் சேர்ந்து அவளைத் தூக்கினார்கள். ஒன்றுமில்லை என்று அக்கா சொல்லியிருக்கிறாள். அவளுக்கு வலிக்கவில்லை. வலி தெரிகிற கால் இல்லையே அது. நேரமாகிறது என்று ஸ்கூட்டரில் ஏறி அச்சகத்துக்குப் போய்விட்டாள். மத்தியானம் வரை உட்கார்ந்து ஒரு கேள்வித்தாளை அடித்து முடித்திருக்கிறாள். மத்தியானம் உடம்பு நடுங்கி, காய்ச்சல் அடித்து, தொடை பானை மாதிரி வீங்கியிருப்பதை அச்சகத்தில் வேலை செய்யும் பெண் பார்த்திருக்கிறாள். தொடை எலும்பு முறிந்திருந்தது. முறிந்த காலோடு அரை நாள் வேலை பார்த்திருக்கிறாள்.

கட்டுப் போட்டு வீட்டில் படுக்க வைத்தார்கள். படுத்ததில் முதுகில் புண் வந்தது. புண் ஆறத்தான் அதிக காலம் பிடித்தது. அச்சக முதலாளி நல்ல மனிதர். நாலு மாதம் அவள் இடத்தைக் காலியாக வைத்திருந்தார். பிறகு ஒருநாள் பழம் வாங்கிக்கொண்டு வந்து, வேறு ஒரு பெண்ணைச் சேர்த்திருக்கிறேனம்மா, தப்பாக நினைக்காதே என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா அவரை வழியனுப்பும் வரை சிரித்தபடி பேசினாள். பிறகு போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். பலகையை அம்மா சரியாகப் போடவில்லை என்றுதான் அவள் கடைசிவரை நம்பினாள். அம்மாவும் அப்படித்தான் நம்பினாள். எண்ணெயைப் பற்றி நான் இருவரிடமும் வாய் திறக்கவில்லை. பலகையை மட்டும் எடுத்துப்போய் சைட்டில் போட்டுவிட்டேன்.

எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒரு குறையும் இல்லாமல் பிறந்தது. அப்போதாவது அறுத்திருக்கலாம். அப்போது வேறு பயம். படியை அறுத்தால் அம்மாவும் அக்காவும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். பேசினால் நான் அகப்பட்டுக்கொள்வேன். அவர்கள் பேசாமல் இருப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. ஒரே கூரைக்குக் கீழே, ஒருத்தி இன்னொருத்தியின் புண்ணைத் துடைத்துக்கொண்டு, பேசாமல் இருப்பது. ஸ்கூட்டர் வாசலில் நின்று துருப்பிடித்தது. பிறகு யாரோ கேட்டார்கள் என்று கொடுத்துவிட்டோம். என் மகள் நடக்கப் பழகி, அந்தப் படியைப் பிடித்துத் தாண்டியபோது எல்லோரும் கைதட்டினோம். அக்காவும்தான் தட்டினாள்.

2010இல் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சு போய்விட்டது. பன்னிரண்டு நாள் கிடந்தாள். அக்கா நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். அம்மா அசைகிற கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லப் பார்த்தாள். வெறும் சத்தம்தான் வந்தது. அக்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பதிலுக்குப் பிடிக்கவும் இல்லை. நான் கட்டிலின் மறுபக்கம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாக்கியம் சொன்னால் போதும். "அம்மா எப்பவோ அறுக்கச் சொல்லிடுச்சுக்கா. நான்தான் அறுக்கல." அந்த இரண்டு வாக்கியத்தை நான் பன்னிரண்டு நாளும் சொல்லவில்லை. மருந்து வாங்கப் போகிறேன் என்று எழுந்து எழுந்து வெளியே போனேன்.

அம்மாவின் வருடத் திவசம் முடிந்த பிறகு தானே புயல் வந்தது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஏதாவது போயிருந்தது. எங்கள் வாசல் வேப்பமரத்துக் கிளை முறிந்து விழுந்து முன்கதவில் ஒரு பாதி பிளந்துபோயிற்று. ஊர் முழுக்க வேலை இருந்ததால் ஆசாரி கிடைக்க வெகுநாள் ஆயிற்று. 2012 தொடக்கத்தில் ஒரு காலை அவர் புதுக் கதவோடு வந்தபோது என் மனைவி என்னிடம் வந்து, "அப்படியே அந்தப் படியையும் அறுக்கச் சொல்லுங்க. இன்னும் யாருக்காகக் காத்துகினு இருக்கீங்க?" என்றாள். எனக்குச் சொல்ல ஒரு சாக்கும் மிச்சமில்லை.

ஆசாரி கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு ரம்பத்தை வைத்தார். இரண்டு ஓரத்திலும் அறுத்து, நெம்பி எடுத்தார். நான் அன்றைக்கு அம்மாவிடம் பத்து நிமிடம் என்று சொன்னேன், அவ்வளவுகூட ஆகவில்லை. அடியில் கறுத்துப்போன செப்புக்காசு ஒன்று இருந்தது. என் மனைவி அதைக் கழுவி சாமி மாடத்தில் வைத்தாள். வெளிப்பக்கத்துச் சிமெண்ட் சரிவை நானே உளியால் கொத்தி எடுத்தேன். பள்ளத்தை அடைத்து, மட்டம் பார்த்து, இரண்டு நாள் தண்ணீர் தெளித்துக் காயவிட்டேன்.

அக்கா அப்போது ரொம்ப இளைத்துப்போயிருந்தாள். சேர்ந்தாற்போல் இரண்டு மணிநேரத்துக்கு மேல் உட்கார முடியாது. அச்சக வேலையெல்லாம் முடிந்த கதை என்பது எல்லோருக்கும் தெரியும், அவளுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். மூன்றாம் நாள் காலை நான் அவள் அறைக்குப் போய், "வாக்கா, போய்ப் பாரு" என்றேன். பின்னால் பிடிக்கப் போன என் கையைத் தட்டிவிட்டாள். அவளாகவே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போனாள். முன்னறை, கதவு, சரிவு. எங்கேயும் தட்டவில்லை. மூலை மேடையில் திரும்பி, மதில் ஓரமாக இறங்கி, தெருவில் போய் நின்றாள். காய்கறி வண்டிக்காரர் நின்று, "இன்னாம்மா, இவ்ளோ நாளா ஊர்ல இல்லியா?" என்று கேட்டார். அவள் அவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். கொஞ்ச நேரம் வெயிலில் இருந்துவிட்டு, மூச்சு வாங்க, அவளாகவே ஏறி வந்தாள். கதவருகில் நிறுத்தி, புதிதாகப் பூசியிருந்த இடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா உயிரோட இருந்திருந்தா இத தொட வுட்டிருக்காது, இல்லடா?" என்றாள்.

"ஆமாக்கா" என்றேன்.